துணைத்தட்டில் ஒரு பாட்டு

கிழக்குத் தாம்பரத்தில் ராக் இசைக்கென்று ஒரு சபா இருக்கிறது என்று சொன்னால் மயிலாப்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சபாவில் கச்சேரி நடுவே எழுந்து போய் போண்டா சாப்பிட்டுவிட்டு வரலாம். கிழக்குத் தாம்பரம் முற்போக்கு ராக் சபாவில் அந்த வேலை நடக்காது. பாட்டு ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், முடிந்தால்தான் திறப்பார்கள். பாட்டோ லேசில் முடியாது.

முற்போக்கு ராக் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், அதில் கட்சி எதுவும் இல்லை. நாலு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதை நாற்பது நிமிடம் வாசிப்பார்கள். நாலு அடியில் தட்டிவிட்டுப் போகக்கூடிய தாளத்தைப் பதிமூன்றாகவும் பதினேழாகவும் முறுக்குவார்கள். ஆல்பம் முழுக்க ஒரே கதை ஓடும். நல்ல இசைதான். உலகத்தில் பல ஊர்களில் ஜனங்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். கிழக்குத் தாம்பரத்தில் மட்டும் யாரும் கேட்பதில்லை, எண்ணுகிறார்கள்.

சபாவில் நல்ல ரசிகர் என்றால் வீட்டுக்குப் போகும்போது தொடை சிவந்திருக்க வேண்டும். அரங்கம் முழுவதும் ஒரே சமயத்தில் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும். யாராவது தப்பாகத் தட்டினால் செயலாளர் ஜீவானந்தம் கண்டுபிடித்துவிடுவார். அவர் கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு செய்தவரை இடைவேளையில் தூணோரமாகக் கூப்பிட்டு, "சார், பத்தாவது அடியில உங்க கை எங்க இருந்துச்சு?" என்று விசாரிப்பார். மாட்டிக்கொண்ட மனிதர் அடுத்த கச்சேரிக்கு மனைவியை அனுப்பிவிடுவார்.

சபாவின் தலைவர் ராஜகோபால். அவருடைய தாத்தா உழுதார், அப்பா விற்றார், இவர் மனை போட்டார். சேலையூர்ப் பக்கம் இவருக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் உண்டு. மண்டபத்துக்கு ஏசி வைத்த வருடம்தான் இவருக்கு ராக் இசையில் ஞானம் இருப்பது சபாவுக்குத் தெரிய வந்தது. சபாவுக்கென்று ஒரு இசைக்குழுவும் உண்டு. பெயர் வக்ரகோணம். அதை நடத்துகிற ஹரிபிரசாத் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். என்ன உத்தியோகம் என்று அவருடைய மாமனாருக்கே இன்னும் விளங்கவில்லை.

வக்ரகோணத்தின் முழு ஆல்பம் போன வருடம் வந்தது. 'ஏரியின் ஏழு மரணங்கள்'. ஒரு ஏரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்து மனையாகிப் போகிற சோகத்தை மரணத்துக்கு ஒரு பாட்டாக எண்பத்தோரு நிமிடத்துக்கு இழுத்த ஆல்பம். அந்த ஏரியில் மனை போட்டவர் ராஜகோபால். ஆல்பத்துக்குப் பணம் போட்டவரும் அவரே. இதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை என்று சபா முடிவு செய்துவிட்டது. சாவு விழுந்த வீட்டில்தானே ஒப்பாரிச் செலவும் செய்வார்கள்.

அந்த எண்பத்தோரு நிமிடத்திலும் 'ஆ' என்று வாயைத் திறந்தவள் சத்யபிரியா.

பொழிச்சலூரில் ஒரு மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவள் பாடியதைக் கேட்ட ஹரிபிரசாத், "உன் குரல்ல ஒரு காலி இடம் இருக்கு சத்யா, அதுதான் எங்களுக்கு வேணும்" என்று சொல்லிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். சேர்ந்து இரண்டு வருடமாகியும் அவளுக்கு ஒரு வார்த்தைகூடக் கொடுக்கவில்லை. முதல் மரணத்தில் ஆ, மூன்றாம் மரணத்தில் நீளமான ஆ, ஏழாம் மரணத்தில் மூச்சு விடாமல் ஆ.

ஆல்பம் வெளியான அன்று அம்மா தனத்தைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். தனம் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிறாள். விடிவதற்கு முன்னால் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்தபின் கொண்டுவந்து கொட்டும். விழா முடிந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது தனம் கேட்டாள்.

"ஏம்மா, நீ வாயத் தொறந்தத பாத்தேன். பாட்டு எப்ப பாடுன?"

"அதாம்மா பாட்டு."

"இன்னாமோ, டாக்டரு நாக்க நீட்டச் சொன்னா மாரி ஆ-ன்னுகினு நின்ன. நீயே ஒரு பாட்டு கட்டிகினு கீறேன்னு சொன்னியே, அத்த எப்ப பாடுவ?"

அப்படி ஒரு பாட்டு இருந்தது உண்மை. அது தனத்தைப் பற்றிய பாட்டு. தனத்துக்கு அது தெரியாது. வீட்டில் பாடிக் காட்ட சத்யபிரியாவுக்கு வெட்கம். அம்மாவைப் பற்றி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒற்றை அறையில் உட்கார்ந்து எப்படிப் பாடுவது? மேடை என்றால் முடியும். மைக்குக்கு முன்னால் நின்று, தன் பெயரைச் சொல்லி அறிவித்தபின், முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு தடவை பாடிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இந்த ஒன்றுக்காகத்தான் அவள் இரண்டு வருடம் ஆ என்று நின்றாள்.

பாட்டை ஹரிபிரசாத்திடம் முன்பே பாடிக் காட்டியிருந்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்லா இருக்கு சத்யா. ஆனா உன் பாட்டு முடியுது. அதான் ப்ராப்ளம். ஆல்பத்துல இடமில்ல, துணைத்தட்டுல பாக்கலாம்."

ஆல்பம் வந்து ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அதற்குத் துணையாக ஒரு சின்ன இசைத்தட்டு வெளியாக வேண்டும் என்பது சபாவின் சம்பிரதாயம். கல்யாணம் முடிந்ததும் மறுவீடு அழைக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. ஆல்பத்தில் வெட்டி எறிந்தவை, மிச்சம் மீதி, ஆல்பம் ஓரளவு புரிந்துவிட்டது என்று நினைப்பவர்களைக் குழப்புவதற்கானவை எல்லாம் அதில் வரும். நீளம் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. இசையை சென்ட் கணக்கில் அளந்து பழகிய ராஜகோபாலுக்கு இந்த ஒரு விதி மட்டும் பிடிக்காது.

துணைத்தட்டில் முதலில் மூன்றாம் மரணத்தில் மிஞ்சிய டிரம்ஸ். இரண்டாவதாக இரண்டாம் மரணம், பின்னாலிருந்து முன்னால். மூன்றாவதாகத் தலைவரின் முன்னுரை, கீபோர்டு பின்னணியோடு. எல்லாம் பிரித்தபின் மூலையில் முக்கோணமாக மிஞ்சுகிற மனைத் துண்டு போல நாலு நிமிடம் மிச்சமிருந்தது. அதை சத்யபிரியாவுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பாட்டு முதலில் தாளத்தைப் பார்க்கிற கணக்குக் குழுவையும் பிறகு வரிகளைப் பார்க்கிற பொருள் குழுவையும் தாண்டி வர வேண்டும்.

கணக்குக் குழு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. குழு என்றால் ஜீவானந்தம் ஒருவர்தான். முன்பு இருந்த மற்றவர்களை அவரே தணிக்கை செய்து நீக்கிவிட்டார். சத்யபிரியா பாடினாள். அவர் தொடையில் தட்டிக்கொண்டே வந்து, பாட்டு முடிந்ததும் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்பவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"நாலு."

"ஆமா சார்."

"முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நாலு. மறைக்கக்கூட முயற்சி பண்ணல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நான் முப்பது வருஷம் ஆடிட்ல இருந்தவன். எந்த ஆபீசுக்குப் போனாலும் கணக்கு டேலி ஆச்சுன்னா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். உங்க பாட்டு டேலி ஆகுது."

"கேக்கறவங்களுக்கு ஈசியா இருக்கும்னு..."

"ஈசியா இருந்தா அவங்களே கேட்டுக்குவாங்களே! அப்புறம் சபா எதுக்கு? செக்ரட்டரி எதுக்கு? என்னை எதுக்கு வீட்ல டீ போட்டுக் குடுத்து அனுப்பறாங்க?"

தீர்ப்பு கடுமையானதில்லை என்று அவரே சொன்னார். ஒவ்வொரு வரியிலும் அரை அடியை மட்டும் திருடிவிட வேண்டும். அரை அடிதானே என்று சத்யபிரியா ஒத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பாடிப் பழகினாள். இருட்டில் ஒரு படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தால் படி இல்லாமல் போவது போல, வரிக்கு வரி குரல் தடுக்கி விழுந்தது. பழக்கம் ஒட்டிக்கொண்டு பள்ளியிலும் அதே கணக்கில் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். குழந்தைகள் எங்கே கைதட்டுவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தன. யுகேஜி குழந்தை ஒன்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது. தலைமையாசிரியை கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டார்.

அடுத்தது பொருள் குழு. அதற்குத் தலைவர் ராஜகோபாலே. வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹரிபிரசாத்தும் ஜீவானந்தமும்.

"பாட வேணாம்மா, சும்மா சொல்லு" என்றார் ராஜகோபால்.

அவள் சொன்னாள்.

"நீ தொடச்ச தரையில எல்லாம் யாரோ மூஞ்சி பாக்குறாங்க. நீ நடந்து வர்ற தெருவுல நான் மட்டும்தான் உன் வழி பாத்திருக்கேன்."

"யாரு தொடைக்கிறது?"

"எங்கம்மா சார்."

"அம்மாவா?" அவர் ஹரிபிரசாத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஏரி எங்கப்பா?"

"ஏரி இல்ல சார்" என்றாள் சத்யபிரியா.

"ஏரி இல்லாம எப்படிம்மா? இது ஏரியோட துணைத்தட்டு. நாளைக்கு ஒருத்தன் கேப்பான், பத்திரத்துல ஏரின்னு போட்டிருக்கு, உள்ள வந்து பாத்தா அம்மா கீறாங்களேன்னு. நான் என்ன பதில் சொல்றது?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா எல்லாருக்கும்தான் இருக்காங்க. ஏரி எல்லாருக்கும் இருக்கா? எங்க குடும்பத்துக்கு ரெண்டு இருந்துச்சு."

ஜீவானந்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப ஒன்னுகூட இல்ல. ஒவ்வொரு பத்திரம் முடியும்போதும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு அழுதிருக்கேன். கார்னர் பிளாட் குடுக்கறப்பெல்லாம் நெஞ்சே வெடிச்சிரும். கண்ணத் தொடச்சிக்கிட்டுதான் செக்க வாங்குவேன். அந்த வலி இந்தப் பாட்டுல வரணும்மா."

வலி வருவதற்காக, தரை இருந்த இடத்தில் ஏரியைப் போடச் சொன்னார். ஹரிபிரசாத் அதற்குச் சம்மதிக்கவில்லை. கலை விஷயத்தில் அவர் தலைவரையும் எதிர்த்து நிற்கக்கூடியவர்.

"ஏரின்னு வார்த்தையில சொல்லிட்டா அது லிட்டரல் ஆயிடும் சார். வார்த்தையே வேணாம். வார்த்தை வந்தா அர்த்தம் வந்துடுது, அர்த்தம் வந்தா ஜனங்க அதோட நின்னுடறாங்க." பிறகு சத்யபிரியாவிடம் கனிவாகச் சொன்னார். "உன் வரியெல்லாம் மனசுல வச்சுக்க சத்யா. வச்சுக்கிட்டு ஆ-ன்னு பாடு. நீ ஜெனுவினா இருந்தா ஆடியன்ஸுக்குப் போய்ச் சேரும்."

"எங்கம்மாவுக்குச் சேராது ஹரி."

"அது அவங்களோட லிமிடேஷன்."

சத்யபிரியாவுக்கு அந்த ஆளைப் பளாரென்று ஒன்று அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் எழுந்து போய்விட்டால் அந்த முக்கோணத் துண்டும் கையைவிட்டுப் போய்விடும். மெட்டாவது மிஞ்சுகிறதே, மெட்டு அம்மாவுக்குப் பிடிக்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "சரி" என்றாள்.

ஒலிப்பதிவு பம்மலில் நடந்தது. பிரிட்டோ என்கிற இளைஞனின் மாடி அறை. கட்சிப் பாட்டு, கானா, கர்த்தர் பாட்டு, பிரியாணிக் கடை விளம்பரம் என்று எல்லாமே அங்கேதான் பதிவாகும். விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஹரிபிரசாத்தும் ஜீவானந்தமும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அவுங்க வர்றதுக்குள்ள உன் இஸ்டத்துக்கு ஒன்னு பாடேன். மைக்க செட் பண்ணிக்கிறேன்" என்றான் பிரிட்டோ.

கண்ணாடித் தடுப்புக்குள் நின்று அவள் தன் பாட்டைப் பாடினாள். நாலு அடியில், திருடாமல், எல்லா வார்த்தைகளோடும் பாடினாள். முடிந்ததும் பிரிட்டோ ஹெட்போனைக் கழற்றினான்.

"அக்கா, சூப்பரா கீதுக்கா. எங்கம்மா நெனப்பு வந்துருச்சு. இத்த அழிக்க மாட்டேன், வச்சிக்கிறேன்."

அதற்குள் மேலதிகாரிகள் மாடி ஏறி வந்துவிட்டார்கள். பிறகு நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அவள் ஆ என்றாள், ஜீவானந்தம் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி ஆ என்றாள், ஹரிபிரசாத்தின் குரல் ஹெட்போனில் வந்தது: "ஃபீலிங் வருது சத்யா. ஃபீலிங் வந்தா கவுண்ட் போகுது." ஃபீலிங்கை விழுங்கிக்கொண்டு ஆ என்றாள். மேலே ஒரு விமானம் போயிற்று. ஜீவானந்தம் முகம் மலர்ந்து, "பிளேன் ஒன்பதுல போச்சு, கவனிச்சீங்களா?" என்றார். இரண்டு பேரும் விமானத்தை இன்னொரு முறை போட்டுக் கேட்டார்கள். பொழுது சாயும்வரை இப்படியே போனது. அவள் குரல் தேய்ந்து போனபின் ஹரிபிரசாத் சொன்னார்.

"சத்யா, ஒன்னு பண்ணலாம். உன் லைனை நானே கீபோர்டுல வாசிச்சிடறேன். உன்னோட எசன்ஸ் அதுல இருக்கும். ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு வா."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வெளியே வரவில்லை. அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாளம் போயிற்று, வார்த்தை போயிற்று, இப்போது குரலும் போயிற்று. அம்மாவிடம் என்ன சொல்வது? ஒரு தடவை தலை நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பிரிட்டோ ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஹரிபிரசாத் கையைத் தூக்கி அவனை அடக்கினார். ஜீவானந்தம் கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். தான் வெளியே வராததால் கிழவர் பொறுமையில்லாமல் தட்டுகிறார் என்று நினைத்தாள். அந்த அவமானத்தில் இன்னும் அதிகமாக அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் ஹரிபிரசாத் போன் செய்தார்.

"சத்யா, முடிவு பண்ணியாச்சு. கீபோர்டு இல்ல, ஒன்னும் இல்ல. உன் டேக்தான் போகுது. தனிக் குரல். உன் பேரு போட்டு."

அவளால் நம்ப முடியவில்லை. "அரை அடி..."

"எதுலயும் கை வைக்கல. உன்கிட்ட இருந்து என்ன வந்துச்சோ அது அப்படியே."

பிரிட்டோ அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறான்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நன்றி சொல்ல பிரிட்டோவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பான் என்று விட்டுவிட்டாள். மனிதன் சந்தோஷத்தில் இருக்கும்போது இப்படித்தான், எதையும் இரண்டாம் தடவை யோசிப்பதில்லை.

வெளியீட்டு விழாவுக்கு தனம் சூப்பர்வைசரிடம் கெஞ்சி லீவு வாங்கினாள். பீரோவில் மடித்து வைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னா பாட்டும்மா? சொல்லேன்."

"வந்து கேளும்மா. முழுசா நான்தான்."

மண்டபம் நிறைந்திருந்தது. சத்யபிரியாவை மேடையில் நடுநாற்காலியில் உட்கார வைத்தார்கள். தனத்துக்கு முதல் வரிசை. ராஜகோபால் எல்லோருக்கும் சால்வை போர்த்தினார், கடைசியில் ஜீவானந்தம் அவருக்குப் போர்த்தினார். கதவைச் சாத்தினார்கள். டிரம்ஸ் வந்தது, ஜனங்கள் தட்டினார்கள். இரண்டாம் மரணம் பின்னாலிருந்து வந்தது, ஜனங்கள் பின்னாலிருந்து தட்டினார்கள். தலைவரின் முன்னுரைக்கும் தட்டினார்கள். அதில் அவர் நடுவே இருமியது ஏழில் விழுந்ததாகப் பின்வரிசையில் ஒரு அபிப்பிராயம் உலவியது.

பிறகு ஹரிபிரசாத் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, அடுத்தது ஒரு தனிக் குரல். இதைக் கம்போஸ் பண்ணவே முடியாது. அன்னைக்கு ஸ்டூடியோல சத்யா உள்ள உக்காந்து அழுதுட்டிருந்தாங்க. ரெக்கார்டிங் தம்பி என்கிட்ட சொல்றார், 'சார், அக்கா அழுவுது, நிறுத்திடட்டா'ன்னு. சாதாரண ஆளுக்கு அப்படித்தான் தெரியும். நான் ஜீவானந்தம் சாரைப் பாத்தேன். அவர் கை தொடையில போயிட்டிருக்கு. கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொன்னார். 'பதினொன்னு.' ஒரு பொண்ணு, மனசு உடைஞ்சு, தன்னை அறியாம, பிசகாம பதினொன்னுல அழறா! நாங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டோம். அந்த நேரத்துல போய் அவங்களைத் தேத்தி இருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு சராசரி மனுஷன் அதைத்தான் பண்ணியிருப்பான். நாங்க வெயிட் பண்ணோம். முடியற வரைக்கும் வெயிட் பண்ணோம்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சத்யபிரியா எழுந்து போய் அவர் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"இது பாட்டு இல்ல. நான் அழுதது. நிஜமா அழுதது. என் பாட்டு வேற இருக்கு. தயவு செஞ்சு இதைப் போடாதீங்க."

அரங்கம் முன்பைவிட அதிகமாகக் கைதட்டியது.

"பாத்தீங்களா?" என்றார் ஹரிபிரசாத், நெகிழ்ந்து போய். "தன்னடக்கம்."

ராஜகோபால் இன்னொரு சால்வை போர்த்தினார். ஒலிபெருக்கியில் அழுகை ஆரம்பித்தது.

முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அடக்கி அடக்கி வந்த விசும்பல். மண்டபம் முழுவதும் கைகள் எழுந்து தொடையில் விழுந்தன. ஜீவானந்தம் மேடையில் நின்று விரலை உயர்த்தி அடியைக் காட்டினார். விசும்பல் உடைந்து கேவலாக மாறிய இடத்தில், "ஆஹா" என்று ஒருவர் தலையை ஆட்டினார்.

தனம் எழுந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு? சத்யா! யாருடி அடிச்சா உன்ன?" மேடையை நோக்கி ஓடி வந்தாள். "நிறுத்துங்கய்யா! யார்ரா எம் பொண்ண அழ வுட்டது?"

தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. ஜீவானந்தத்துக்கு வந்த கோபத்தில் சால்வை நழுவியது.

"யாரும்மா அது, ஏழாவது அடியில எழுந்திருக்கறது? கவுண்டே போச்சு! நிறுத்துங்க. முதல்ல இருந்து போடுங்க."

தனம் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், மேடையில் இரண்டு சால்வையோடு நின்ற மகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராஜகோபால் படியிறங்கி வந்து கையைக் கூப்பினார். அவர் பெரிய மனிதர், யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார்.

"அம்மா, பயப்படாதீங்க. உங்க பொண்ணு அழல. இது மியூசிக்கு. இந்தக் கூட்டமெல்லாம் உங்க பொண்ணுக்காகத்தான் வந்திருக்கு. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் பதினொன்னுல பண்ணதில்ல."

தனம் சுற்றிலும் பார்த்தாள். படித்தவர்கள், பெரியவர்கள், பட்டுப் புடவைக்காரிகள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் ஏதோ அசிங்கமாக நடந்துகொண்டுவிட்டோம், மகளின் மானம் போய்விட்டது என்று அவள் முகம் சுருங்கியது. மேடையை அண்ணாந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"இதான் உன் பாட்டா சத்யா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அம்மா அந்தக் கூட்டத்தையே கிழித்துத் தொங்கவிடுவாள். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய், தன் பெண் ஒரு அறைக்குள் தனியாக உட்கார்ந்து அப்படி அழுதிருக்கிறாள் என்பதை நினைத்து நினைத்து வேனில் ஏறுவாள், தரை துடைப்பாள். சாகும்வரை அந்தச் சத்தம் அவள் காதைவிட்டுப் போகாது. பாட்டு என்று சொல்லிவிட்டால் அது வெறும் பாட்டு.

"ஆமாம்மா" என்றாள் சத்யபிரியா. "இதான் என் பாட்டு."

"நல்லா கீதும்மா. மெய்யாலுமே அழுவுறா மாரியே கீது." தனம் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிக்கோங்க, எனக்கு ஒன்னியும் தெரியாது." போய் உட்கார்ந்தாள்.

கதவை மறுபடி சாத்தினார்கள். மூக்கை உறிஞ்சும் சத்தத்தில் இருந்து அழுகை மறுபடி ஆரம்பித்தது. நாற்காலி நாற்காலியாகக் கைகள் எழுந்து விழுந்தன. தனம் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத் தானும் கையை எடுத்துத் தொடையில் தட்டினாள். தப்பாக விழுந்தது. அடுத்த நாற்காலிப் பெரியவர் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு மனமிரங்கி, அவள் மணிக்கட்டைப் பிடித்து எங்கே தட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். ஒரு கேவல் வந்தது, அவர் அவள் கையை இறக்கினார். இன்னொரு கேவல் வந்தது, இறக்கினார். மூன்றாவதற்கு அவர் கையை விட்டுவிட்டார். தனம் தானாகவே தட்டினாள்.

தட்டிக்கொண்டே தலையை உயர்த்தி மேடையைப் பார்த்தாள். சரியாகத் தட்டுகிறேனா என்று கண்ணாலேயே கேட்டாள்.

சரிதான் என்று சத்யபிரியா தலையை ஆட்டினாள்.